ஒரு நூலும் அதன் பல பதிப்புகளும்

"ஒரே புத்தகத்தை இருமுறை வாங்குபவன் மறதிக்காரன், பத்து முறை வாங்குபவன் பித்தன்" என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் என்னை ஒரு பெரும் பிழைக்கு ஆளாக்கிற்று. அப்பிழையைக் கூறித் தொடங்குவதே நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தெல்தெனியப் பகுதியில் ஒரு சிறு நூலகத்திலே இடநெருக்கடி ஏற்பட்டது. மேலதிகப் பிரதிகளைக் கழித்துவிடுவதென்று தீர்மானித்துப் பட்டியலொன்று தயாரித்தார்கள். அப்பட்டியலைப் பார்வையிட்டு ஒப்பமிட வேண்டிய மூவருள் நானும் ஒருவன். "நொக்ஸ் – இலங்கை வரலாறு – இரண்டு உள, ஒன்று மேலதிகம்" என்று அதிலே ஒரு வரி இருந்தது. ஒன்று 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஒற்றைத் தொகுதி. மற்றையது 1989ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டு தொகுதிகள் கூடுதல் இடம் பிடிக்கின்றன என்பதனால் பின்னையதே கழிக்கப்பட்டது. நான் அட்டையைத் திறந்தும் பாராமல் ஒப்பமிட்டேன். அடுத்த வாரம் பழைய கடதாசி வாங்குபவரின் தராசில் அவ்விரு தொகுதிகளும் ஏறிச் சென்றன.

சில மாதங்களின் பின்னர், உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சேர், நொக்ஸ் தமது புத்தகத்தைத் தாமே பின்னர் திருத்தி எழுதினாராமே, அது எங்கே கிடைக்கும்?" என்று வினவினாள். விடை தேடி நூற்பட்டியல்களைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. அவள் கேட்டது, நாங்கள் நிறை பார்த்து விற்ற அதே நூலைத்தான்!

ஒரு நூலின் பல பதிப்புகளைத் தேடிச் சேர்ப்போரைப் பித்தர் என்று கூற எனக்கு அன்று முதல் நா எழுவதில்லை.

சீட்டாட்ட நூல் ஒன்றின் கதை

இத்தகைய சேகரிப்பாளர் உலகெங்கும் உளர். அவர்கள் தேடும் நூல்கள் யாவும் வேதங்களும் காவியங்களுமே என்று எண்ணிவிட வேண்டாம். சீட்டுக்கட்டைக் கையாளும் வித்தை பற்றிய ஓர் அமெரிக்க நூலின் பதிப்புகளைத் தேடி அலைவோரும் பலர். விடுமுறை நாட்களில் 304 ஆடும் நம் குடும்பத்தினருக்குச் சீட்டுக்கட்டு புதிய பொருளன்று. ஆயினும் அதற்கென ஒரு பேரிலக்கியம் உண்டு என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும்.

1902ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் அந்நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ். 'சீட்டு மேசை நிபுணர்' என்று பொருள்படும் பெயரால் அது இன்று வழங்குகின்றது. சூதாடிகள் சீட்டைக் கலைக்கும்போதும் பகிரும்போதும் செய்யும் கரவுகளையும், மாயவித்தைக்காரர் காட்டும் வேடிக்கைகளையும், நூற்றுக்கு மேற்பட்ட கைப்படங்களுடன் அது விளக்குகின்றது. எழுதியதன் நோக்கம் தமக்குப் பணம் தேவைப்படுவதே என்று ஆசிரியர் முன்னுரையில் ஒளிவுமறைவின்றிக் கூறியிருப்பது ஒரு விந்தை. வள்ளுவப் பெருந்தகை 'சூது' என ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்த தொழிலுக்கு உரிய நூல்தான் அது, அதில் ஐயமில்லை. ஆயினும் பிற்காலத்தில் அதனைப் போற்றிப் பயின்றோர் பெரும்பாலும் மேடையிலே வித்தை காட்டும் கலைஞர்களே. கனடாவின் ஒட்டாவா நகரில் 1894இல் பிறந்த டாய் வெர்னன் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் இளமையிலே அந்நூலைக் கற்கத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதனை ஆராய்ந்து, 1984இல் அதற்குத் தம் குறிப்புகளை வெளியிட்டார்.

அந்நூலின் ஆசிரியர் யாவர் என்பது இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. எர்ட்னேஸ் என்பது புனைபெயர். அப்பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாக வாசித்தால் ஈ. எஸ். அன்ட்ரூஸ் என்று வரும். அது உண்மைப் பெயரா, அதுவும் ஒரு கரவா என்று நூறாண்டுக்கு மேலாக வாதம் நிகழ்கின்றது. மார்ட்டின் கார்ட்னர் என்னும் எழுத்தாளர், நூலுக்குப் படம் வரைந்த மார்ஷல் ஸ்மித் என்பவரை 1946இல் தேடிக் கண்டு வினவியும் முடிவான விடை கிடைக்கவில்லை. ஆசிரியரைப் பற்றி அறிய வேறு சான்றுகள் அரிதாகிவிட்டமையால், நூலே சான்றாகிவிட்டது. முதற் பதிப்பின் விலை இரண்டு டொலர்; அடுத்த ஆண்டிலேயே அது ஒரு டொலராகக் குறைந்தது. 1905 முதல் டிரேக் என்னும் சிக்காகோ நிறுவனம் அதனை மறுபடி மறுபடி அச்சிட்டது. பின்னர் வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. 1991இல் டார்வின் ஓர்டிஸ் என்பவர் விளக்கவுரையுடன் ஒரு பதிப்பு வெளியிட்டார். அட்டையின் நிறம், தலைப்புப் பக்கத்தின் சொற்கள், அச்சகத்தின் பெயர், விலை ஆகியவற்றை ஒப்பிட்டு, மறைந்து நிற்கும் ஆசிரியரின் அடிச்சுவட்டைத் தேடுகின்றார்கள். ஒரே ஒரு பதிப்பு மட்டும் எஞ்சியிருப்பின் இத்தேட்டம் இயலுமா?

நம்மவர் கண்ட நெறி

இது மேனாட்டார் பழக்கம் என்று ஒதுக்குவதற்கில்லை. ஒரு நூலின் பல வடிவங்களை ஒப்புநோக்கும் நெறி தமிழருக்கு நன்கு பழகியதே. 'பாடபேதம்' என்னும் சொல்லே அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்; அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். அப்பெரியோர் ஓர் ஏடு கிடைத்ததும் போதுமென்று அமைந்துவிடவில்லை. ஊரூராகச் சென்றும் கடிதம் எழுதியும் பல ஏடுகளைத் திரட்டி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பி, ஒன்றில் பிழைத்ததை மற்றொன்றால் திருத்தினார்கள். 'இந்நூல் எம்மிடம் முன்னமே உண்டு. இரண்டாம் ஏடு மேலதிகம்' என்று அவர்கள் கருதியிருந்தால், நாம் இன்று பாடமாகப் படிக்கும் இலக்கியங்களின் நிலை என்னவாகியிருக்கும்!

ஏட்டிற்கு உரிய இந்நெறி அச்சு நூலுக்கும் உரியது. அதற்கு எடுத்துக்காட்டாக, நாம் வாழும் மலைநாட்டைப் பற்றிய நொக்ஸின் நூலையே நோக்குவோம்.

கண்டியிலே ஒரு கைதி

றொபேட் நொக்ஸ் ஆங்கிலேயர், 1641இல் பிறந்தவர். தந்தையார் தலைமையிலான 'ஆன்' என்னும் கப்பல் புயலில் சேதமுற்று, 1659இன் இறுதியில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் தந்தையும் மகனும் மாலுமிகளும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்தின் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் தந்தை நோயுற்று இறந்தார். மகனோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்நாட்டைவிட்டுப் போகவியலாத கைதியாக வாழ்ந்தார்.

கைதி எனினும் அவர் சிறைக்கூடத்தில் அடைபட்டிருக்கவில்லை. கிராமங்களிலே வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் பொருளீட்டினார். அவர் இறுதியாக வீடு கட்டி வாழ்ந்த எலதெத்த என்னும் ஊர் கண்டிக்கு அண்மையில் உடுநுவரைப் பகுதியில் உள்ளது. இராஜசிங்கன் பிற்காலத்தில் தங்கியிருந்த ஹங்குரன்கெத்த அரண்மனையும் அவர் நூலில் இடம்பெறுகின்றது. உழவு, உணவு, வீடு, விழா, தண்டனை என யாவற்றையும் கூர்ந்து கண்டார். சில்லறை வியாபாரி போல நண்பர் ஸ்டீவன் றட்லண்டுடன் ஊரூராகச் சென்று வழிகளை அறிந்துகொண்டார். 1679இல் இருவரும் அநுராதபுரம் வழியாக, தமிழர் வாழும் வன்னி நிலத்தைக் கடந்து, அருவி ஆற்றின் போக்கைப் பின்பற்றி, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

தொப்பிக்கு வாங்கிய புத்தகம்

நூல் தேடுவோர் எவரும் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றை நொக்ஸ் கூறுகின்றார். ஒருநாள் அவர் ஓடையிலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், இவருக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று உடனிருந்த பையனிடம் வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டு நீங்கியபோது தமக்கொரு புத்தகம் கிடைத்ததென்றும், வேண்டுமாயின் விற்பதாகவும் கூறினார். கொண்டுவந்து காட்டியபோது, அது ஆங்கில விவிலிய நூலாக இருந்தது! தாய்மொழியில் அவ்வேத நூலைக் காணாது பல ஆண்டுகள் ஏங்கியிருந்த நொக்ஸ், கைப்பொருள் முழுவதையும் கொடுத்துவிடத் துணிந்தார். உடனிருந்தோரோ, ஆவலை வெளிக்காட்டினால் விலை ஏறிவிடும் என்று தடுத்தார்கள். முடிவில் பின்னிய தொப்பி ஒன்றே அதன் விலையாயிற்று.

விற்றவருக்கு அது படிக்கவியலாத ஒரு பொருள்; வாங்கியவருக்கோ உயிர்த்துணை. ஒரு நூலின் பெறுமதி தாளின் நிறையிலே இல்லை என்பதை, நாங்கள் நொக்ஸின் நூலையே தராசிலேற்றிய பின்னரா நான் அறியவேண்டும்!

பதிப்பு வளர்ந்த வரலாறு

நாடு திரும்பும் கப்பலிலேயே நொக்ஸ் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். இலண்டனிலே விஞ்ஞானியான றொபேட் ஹூக் அதனை ஒழுங்குபடுத்த உதவி முன்னுரையும் எழுதினார். சென் போல் தேவாலயத்தைக் கட்டிய சிற்பி கிறிஸ்தோபர் றென் பரிந்துரை வழங்கினார். 1681இல், தேசப்படத்துடனும் சித்திரங்களுடனும் நூல் வெளிவந்தது. தாலிப்பனை ஓலையை மழைக்குக் குடையாகப் பிடித்துச் செல்வதைக் காட்டும் சித்திரம் அவற்றுள் ஒன்று.

நூலின் புகழ் விரைவிலே பரவியது. 1689இல் ஜேர்மன் மொழியிலும், 1692இல் ஒல்லாந்த மொழியிலும், 1693இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. தத்துவ அறிஞர் ஜோன் லொக் தமது அரசியல் நூலில், கட்டற்ற மன்னராட்சிக்கு எடுத்துக்காட்டாக அதனைச் சுட்டினார். டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட கதையொன்றில் நொக்ஸின் வரலாற்றைச் சேர்த்துக்கொண்டார். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், 1817இல் பிலலெதீஸ் என்னும் புனைபெயரினர் எழுதிய இலங்கை வரலாற்றின் பின்னிணைப்பாக அது மீண்டும் அச்சேறியது. புதிதாகத் தம் கைக்கு வந்த நாட்டைப் பற்றி அறிய விரும்பிய ஆங்கிலேயருக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அங்கே சிறைப்பட்டிருந்தவரின் நூல் இன்னும் பயன்பட்டது!

இவையனைத்தும் 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து பிறந்தவை. நொக்ஸோ அதனுடன் மனநிறைவு கொள்ளவில்லை. அச்சிட்ட பிரதியின் இடையிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் தம் கைப்பட எழுதிச் சேர்த்தார்; பழைய வாசகங்களைத் திருத்தினார்; தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இரண்டாம் பதிப்பொன்று காணவேண்டும் என்பது அவர் அவா. அது நிறைவேறாமலே 1720இல் காலமானார்.

ஒக்ஸ்போட்டின் பொட்லியன் நூலகத்திலே கிடந்த அவரது வாழ்க்கை வரலாறு, ஜேம்ஸ் றயன் என்பவரால் நூலுடன் சேர்த்து 1911இல் கிளாஸ்கோவில் வெளியிடப்பட்டது. 1958இல் எஸ். டி. சப்பரமாதுவின் முன்னுரையுடன் நம் நாட்டிலேயே, தெகிவளையிலுள்ள திசர பிரகாசகயோ நிறுவனத்தால் ஒரு பதிப்பு வெளிவந்தது. டேவிட் கருணாரத்ன சிங்களத்தில் பெயர்த்தார். நொக்ஸ் திருத்தியும் விரித்தும் ஆயத்தஞ்செய்த இரண்டாம் பதிப்பின் வாசகமோ, ஜே. எச். ஓ. போலுஸ் என்பவரின் உழைப்பினால் 1989இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் இறந்து 269 ஆண்டுகளின் பின்னர் அவர் அவா நிறைவேறிற்று.

அவ்விரு தொகுதிகளைத்தான் நாங்கள் 'மேலதிகம்' என்று கழித்தோம்.

இழப்பு நமக்குப் புதிதன்று

நூலிழப்பின் துயரை நம் மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அதன்பின், அங்கிருந்த நூல்களுள் ஒன்றின் இன்னொரு பிரதி எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்திருப்பின், அதனை மேலதிகம் என்று யார் கூறுவார்? 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிலே பாதுகாத்து வருகின்றார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பழம் பிரதிகளுட் பல, சாதாரணக் குடும்பத்தினர் எறிந்துவிடாமல் வைத்திருந்தவையே.

தெல்தெனிய மக்களுக்கும் இவ்வுணர்வு புதிதன்று. மகாவலிக்குக் குறுக்கே கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்தது. இன்று நாம் கடைக்குச் செல்வது புதிய நகரத்தில். கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். முதியோர் கரையில் நின்று, கடை இருந்த இடம் இது, பாதை சென்ற இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவர். புதிய நகரம் இருக்கின்றதே, பழையது எதற்கு என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

மாணவர்க்கு ஒரு சொல்

பதிப்புகளைச் சேகரிக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. 1681ஆம் ஆண்டு நொக்ஸ் நூலை நம்மால் வாங்க இயலாது, வாங்க வேண்டியதுமில்லை. உங்கள் வீட்டிலுள்ள திருக்குறளிலிருந்தோ, தந்தையார் படித்த பாடநூலிலிருந்தோ தொடங்கலாம். அதே நூலின் இன்னொரு பதிப்பு கிடைத்தால் இரண்டையும் அருகருகே விரித்து வையுங்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் முதலிலே வாசியுங்கள். ஆண்டு, அச்சகம், எத்தனையாம் பதிப்பு என்பன அங்கே இருக்கும். முன்னுரைகளை ஒப்பிடுங்கள், ஆசிரியர் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பது பெரும்பாலும் அங்கேதான் கூறப்படும். படங்களையும் பக்க எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலே எவரேனும் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். நொக்ஸின் திருத்தங்களும் கையெழுத்தாய்க் கிடந்தவையே அல்லவா?

நூலகப் பொறுப்பிலுள்ளோருக்கும், என்னைப் போன்று பட்டியலில் ஒப்பமிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். பெயர் ஒன்றாக இருப்பதனால் நூல் ஒன்றாகிவிடாது. கழிப்பதற்கு முன்னர் இரண்டையும் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

அம்மாணவி பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகி இப்போது அங்கே பயில்கின்றாள். நானோ, கண்டிக்குச் செல்லும் போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளிலே அந்த 1989ஆம் ஆண்டுத் தொகுதிகளைத் தேடி வருகின்றேன். இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தால் அவற்றை முன்பிருந்த அதே அலுமாரியில், 1958ஆம் ஆண்டுப் பதிப்பின் அருகிலே வைப்பதென்று நூலகப் பொறுப்பாளரிடம் வாக்களித்திருக்கின்றேன். இடம் போதாது என்று அவர் இம்முறை கூறவில்லை.